கை ஸ்டீயரிங்கில்தானே இருக்கிறது, ப்ளூடூத்தில் பேசினால் என்ன?

கேள்வி: சென்னையிலிருந்து திருச்சிக்கு மாதம் இரண்டு முறை காரில் போகிறேன். போனைக் கையில் எடுப்பதில்லை, ப்ளூடூத்தில்தான் பேசுவேன். மேப் பார்க்க மட்டும் அவ்வப்போது திரையைத் தொடுவேன். இதில் அப்படி என்ன ஆபத்து? கவனம் சிதறி நடக்கும் விபத்துகள் மட்டும் ஏன் இவ்வளவு கோரமாக இருக்கின்றன?

பதில்:

இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அது புரிந்தால் முதல் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

கவனமாக ஓட்டுகிறவருக்கும் விபத்து நடக்கத்தான் செய்கிறது. ஆனால் மோதும் நேரத்தில் அவர் கால் பிரேக்கில் இருக்கும். வண்டியின் வேகம் பாதிக்கு மேல் இறங்கியிருக்கும். பம்பர் நசுங்கும், ரேடியேட்டர் போகும், ஆட்கள் இறங்கி நிற்பார்கள். கவனம் வேறெங்கோ இருந்தவர் மோதும்போது கால் பெரும்பாலும் ஆக்ஸிலரேட்டரிலேயே இருக்கிறது. அவர் ஓட்டிய வேகமும் மோதிய வேகமும் ஏறக்குறைய ஒன்றுதான். விபத்தை ஆய்வு செய்கிறவர்கள் சாலையில் பிரேக் தடம் இருக்கிறதா என்று தேடுவது இதனால்தான். பிரேக் அடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் உள்ள காரில் தடம் மங்கலாகவே விழும். ஆனால் பல புதிய கார்களில் ஏர்பேக்கை இயக்கும் கணினி, மோதலுக்கு முந்தைய சில நொடிகளில் வேகம் என்ன, பிரேக் மிதிக்கப்பட்டதா என்பதைப் பதிந்து வைத்துவிடும்.

கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். உளுந்தூர்பேட்டை தாண்டி 80 கி.மீ. வேகத்தில் போகிறீர்கள். 70 மீட்டர் முன்னால் ஒரு லாரி நிற்கிறது. சாலை காய்ந்திருக்கிறது, டயர் நன்றாக இருக்கிறது. 80 கி.மீ. வேகம் என்றால் நொடிக்கு 22 மீட்டர். லாரியைக் கண் பார்த்து, மூளை உணர்ந்து, கால் பிரேக்குக்குப் போக ஒரு நொடி. அதற்குள் 22 மீட்டர் போய்விடும். முழு பிரேக் போட்டு நிற்க இன்னும் 35 மீட்டர் வேண்டும். ஆக 57 மீட்டரில் கார் நின்றுவிடுகிறது. லாரிக்கும் உங்களுக்கும் நடுவே 12, 13 மீட்டர் மிச்சம்.

அதே லாரி, அதே 70 மீட்டர். இந்த முறை இரண்டே நொடி மேப் திரையைப் பார்க்கிறீர்கள். 44 மீட்டர் பார்க்காமலே போய்விட்டது. நிமிர்ந்து, லாரியைக் கண்டு, காலை நகர்த்த இன்னொரு 22 மீட்டர். பிரேக் பிடிக்கும்போது மூன்றே சொச்சம் மீட்டர்தான் மிச்சம். கார் லாரியில் மோதும் வேகம் 76 கி.மீ. இரண்டு நொடி தாமதத்துக்குத் தண்டனை கொஞ்சம் வலுவான இடி இல்லை. பத்திரமாக நிற்பதற்கும் முழு வேகத்தில் மோதுவதற்கும் உள்ள வித்தியாசம்.

இதே இரண்டு நொடித் தவறை 60 கி.மீ. வேகத்தில் செய்திருந்தால்? ஒரு சாண்கூட மிச்சமில்லாமல், ஆனால் மோதாமல் நின்றிருக்கும். வேகம் கூடக் கூட, கவனப்பிசகை மன்னிக்கும் இடம் சுருங்கிக்கொண்டே போகிறது. மழையில் இந்தக் கணக்கு இன்னும் மோசம். ஈரச் சாலையில் நிற்கும் தூரம் ஒன்றரை மடங்கைத் தாண்டிவிடும்.

76 கி.மீ. வேகத்தில் மோதுவது என்றால் 22, 23 மீட்டர் உயரத்திலிருந்து கீழே விழுவதற்குச் சமம். ஏழு மாடிக் கட்டடம். அதுவும் மோதுவது இன்னொரு காராக இருந்தால் முன்பகுதி நசுங்கி அடியைக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். நம் நான்குவழிச் சாலைகளில் அதிகாலையில் மோதுவது பெரும்பாலும் ஓரம் கட்டி நிறுத்திய லாரியின் பின்புறத்தில். லாரியின் பின்தட்டு காரின் பானெட்டைவிட உயரம். கார் உள்ளே நுழையாமல் தடுக்கத் தட்டுக்குக் கீழே ஒரு குறுக்குக் கம்பி இருக்க வேண்டும். பல லாரிகளில் அது வளைந்தோ கழன்றோ கிடக்கிறது. பானெட் அடியில் புகுந்துவிட, முதல் அடி முன் கண்ணாடிக்கும் கூரையைத் தாங்கும் தூணுக்கும் விழுகிறது. நசுங்கி அடியை வாங்க வேண்டிய பகுதிக்கு வேலையே இல்லாமல் போகிறது. ஏர்பேக்கின் உணரிகள் இருப்பது முன்புறத்தில் என்பதால் பை விரிய வேண்டிய நேரம் தவறுகிறது. மேற்கூரை உரிந்து வந்த கார்களின் படங்களை நீங்களும் செய்தித்தாளில் பார்த்திருப்பீர்கள். அங்கே சீட் பெல்ட்டோ காரின் ஐந்து நட்சத்திரப் பாதுகாப்பு மதிப்பீடோ அதிகம் உதவாது. உதவியிருக்கக்கூடியது அந்த இரண்டு நொடி மட்டுமே.

இனி ப்ளூடூத்.

கவனச்சிதறல் மூன்று விதமாக வரும். கண் சாலையை விட்டு விலகுவது, கை ஸ்டீயரிங்கை விட்டு விலகுவது, மனம் ஓட்டுவதை விட்டு விலகுவது. ப்ளூடூத் கையை மட்டும் காப்பாற்றிக் கொடுக்கிறது. போன் பேச்சின் ஆபத்தில் பெரும்பங்கு மனத்தில் இருக்கிறது. அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் டிரைவிங் சிமுலேட்டரில் பலமுறை சோதித்துப் பார்த்தார்கள். போனைக் கையில் பிடித்துப் பேசியவர்களும் ஹேண்ட்ஸ்ஃப்ரீயில் பேசியவர்களும் ஏறக்குறைய ஒரே அளவுக்குத்தான் தடுமாறினார்கள். கண் நேராகச் சாலையில்தான் இருக்கும். ஆனால் பார்த்தது மூளையில் ஏறாது. விபத்துக்குப் பிறகு "ஆள் வந்ததையே பார்க்கலை சார்" என்று ஓட்டுநர் சொல்வது பல நேரம் உண்மைதான். அந்த ஆள் அவர் கண்ணில் பட்டிருப்பார், கவனத்தில் படவில்லை.

பக்கத்து சீட்டில் இருப்பவரோடு பேசுவதும் அப்படித்தானே என்று கேட்பீர்கள். அதில் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. கூட வருகிறவர் சாலையைப் பார்க்கிறார். மீடியன் இடைவெளியில் ஒரு பைக் மூக்கை நீட்டினால் பேச்சைத் தானே நிறுத்துவார், "பார்த்து, பார்த்து" என்பார். போனின் மறுமுனையில் இருப்பவருக்கு நீங்கள் வேப்பூர் சந்திப்பைக் கடக்கிறீர்கள் என்பது தெரியாது. அந்த நொடியில்தான் அவர் பில் தொகை கேட்பார், அல்லது வீட்டுப் பிரச்சினையைத் தொடங்குவார். மனத்தைக் கலக்கும் பேச்சாக இருந்தால், போனை வைத்த பிறகும் மனம் உடனே சாலைக்குத் திரும்பாது. குரலால் கட்டளை கொடுக்கும் கருவிகளை வைத்து 2015இல் அமெரிக்காவில் நடந்த ஆய்வில், மோசமான கருவிகளைப் பயன்படுத்தி முடித்த பிறகு 27 நொடி வரைகூடச் சிதறல் நீடித்தது. 80 கி.மீ. வேகத்தில் அது 600 மீட்டர்.

மெசேஜ் அடிப்பதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை என்றாலும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் போக்குவரத்து ஆய்வு நிறுவனம் லாரிகளில் கேமரா பொருத்திப் பார்த்தபோது, மெசேஜ் அடித்த ஓட்டுநர்களின் கண் ஆறு நொடியில் 4.6 நொடி சாலையில் இல்லை. உங்கள் வேகத்தில் நூறு மீட்டருக்கு மேல் கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டுவதாகும்.

உங்கள் சாலையிலேயே அடிக்கடி நடக்கிற ஒன்றைச் சொல்கிறேன். பரனூரிலோ விக்கிரவாண்டியிலோ டோல்கேட்டைத் தாண்டுகிறீர்கள். சில நொடிகளில் போன் அதிரும்: ஃபாஸ்டேக்கில் எவ்வளவு பிடித்தார்கள் என்ற எஸ்எம்எஸ். இரண்டு முறை பிடித்துவிட்டார்களோ என்ற கவலையில் கண் திரைக்குப் போகும். எட்டு, பத்து வரிசையில் நின்ற வண்டிகள் இரண்டு வரிசையாகக் குறுகும் இடம் அது. எல்லாரும் ஒரே நேரத்தில் வேகம் எடுக்கிறார்கள். இடதுபுறம் பஸ் ஒதுங்கி வருகிறது. அந்தப் பயணத்தின் மிக நெருக்கடியான நொடிகளில் கண் டோல் ரூபாய்க் கணக்கில் இருக்கிறது. திருச்சி போய்ச் சேர்ந்து பார்த்தாலும் அந்தக் கணக்கு மாறப்போவதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் சுருக்கமாகச் சொல்கிறேன். 2019 திருத்தத்துக்குப் பிறகு, ஓட்டும்போது போனைக் கையில் பிடித்துப் பயன்படுத்துவது மோட்டார் வாகனச் சட்டம் 184ஆவது பிரிவின் கீழ் அபாயகரமாக ஓட்டும் குற்றம். முதல் முறைக்கு 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதமோ, ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். மூன்று ஆண்டுக்குள் மீண்டும் செய்தால் அபராதம் 10,000 ரூபாய், சிறை இரண்டாண்டு வரை. வழி பார்ப்பதற்கு மட்டும், ஓட்டுபவரின் கவனத்தைக் கெடுக்காத வகையில் பயன்படுத்த 2020 விதிகள் அனுமதிக்கின்றன. ஆனால் ப்ளூடூத்துக்குப் போலீஸ் அபராதம் போடுவதில்லை என்பதை வைத்து அது பாதுகாப்பு என்று முடிவு செய்யாதீர்கள். உயிர் போய்விட்டால் பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின் 106(1) பிரிவு வருகிறது; ஐந்தாண்டு வரை சிறை. அப்போது உங்கள் அழைப்புப் பதிவுகளை நேரத்தோடு எடுத்துப் பார்ப்பார்கள். இன்னொன்று: எஃப்ஐஆரில் வழக்கமாக எழுதப்படுவது "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து" என்ற ஒரே வாசகம்தான். போன்தான் காரணம் என்பது அதற்குள் மறைந்துவிடுகிறது. 2022இல் இந்தியாவில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் போன் காரணமாகப் பறிபோன உயிர்கள் கணக்கில் குறைவாகத் தெரிவதற்கு இந்த வாசகமும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

சரி, என்ன செய்யலாம்? மன உறுதியை நம்பாதீர்கள். போன் ஒலித்தால் கை தானாகப் போகும். ஒலிக்காமல் பார்த்துக்கொள்வதுதான் வழி.

வீட்டிலேயே மேப்பில் இடத்தைப் போட்டுவிடுங்கள். ஃபாஸ்டேக் இருப்பையும் அங்கேயே பாருங்கள். ஐபோனில் டிரைவிங் ஃபோகஸ், ஆண்ட்ராய்டில் டிரைவிங் மோடு என்ற வசதி இருக்கிறது. கார் நகர ஆரம்பித்ததும் அறிவிப்புகள் அடங்கிவிடும்படி அதை ஒருமுறை அமைத்தால் போதும். வீட்டு எண்ணுக்கு மட்டும் விலக்குக் கொடுக்கலாம். அடிக்கடி அழைப்பவர்களிடம் "ஓட்டும்போது எடுக்க மாட்டேன், ரெண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நானே கூப்பிடுறேன்" என்று சொல்லி வையுங்கள். திருச்சிக்கு 320 கி.மீ. சொச்சம். இடையில் இரண்டு முறை எப்படியும் நிறுத்துவீர்கள்.

போன் ஸ்டாண்டைக் கண்ணாடியின் நடுவில் ஒட்டாதீர்கள், அது சாலையை மறைக்கும். ஏசி துவாரத்துக்குப் பக்கத்தில், ஸ்டீயரிங்குக்கு இடதுபுறம், தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் நகர்த்தினால் தெரியும் உயரத்தில் வையுங்கள். பெரும்பாலும் மேப்பின் குரலே போதும். கூட யாராவது வந்தால் போன் அவர் கையில் இருக்கட்டும்: மேப், பாட்டு, அழைப்பு எல்லாம் அவர் பொறுப்பு. ஏசியையே திரையில் தொட்டு மாற்ற வேண்டிய கார் என்றால் கிளம்பும் முன் அளவை வைத்துவிடுங்கள். குமிழைத் தடவிப் பார்த்தே திருப்பலாம். திரையைப் பார்க்காமல் தொட முடியாது.

கூலிங் கிளாஸ், தண்ணீர் எல்லாம் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். ஆனால் தண்ணீர் பாட்டிலை டிரைவர் பக்கத் தரையில் ஒருபோதும் வைக்கக் கூடாது. பிரேக் அடிக்கும்போது அது உருண்டு பெடலுக்கு அடியில் போய்ச் சிக்கும். அடுத்த முறை மிதித்தால் பெடல் இறங்காது. கழற்றிப் போட்ட செருப்பும் அதே வேலையைச் செய்யும். ஏதாவது கீழே விழுந்துவிட்டால், விழுந்ததாகவே இருக்கட்டும். குனிந்து தேடும் அந்த மூன்று நொடியில் ஸ்டீயரிங் தோளோடு சேர்ந்து திரும்பிவிடும். மீடியனில் ஏறும் கார்கள் பல இப்படி ஏறியவை. பின்சீட்டில் பிள்ளை அழுதாலும், காருக்குள் குளவி புகுந்தாலும் இதேதான். முதலில் வேகத்தைக் குறை, பிறகு ஒதுங்கு, பிறகு பார்.

ஒதுங்குவதிலும் ஒரு விஷயம். போன் பேசுவதற்காக நான்குவழிச் சாலையின் ஓரத்தில் நிறுத்தாதீர்கள். மேலே சொன்ன கணக்கில் லாரி நின்ற இடத்தில் இப்போது நீங்கள் நிற்பீர்கள். பெட்ரோல் பங்க், ஹோட்டல் வளாகம், லாரிகள் நிறுத்த ஒதுக்கிய லாரி பே ஆகியவற்றுக்குள் போய் நிறுத்துங்கள். வண்டி பழுதாகி ஓரத்தில்தான் நின்றாக வேண்டும் என்றால் ஹசார்டு விளக்கைப் போட்டு, முக்கோணப் பலகையைக் குறைந்தது 50 மீட்டர் பின்னால் வைத்து, எல்லாரும் இறங்கித் தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் நில்லுங்கள். காருக்குள் உட்கார்ந்து மெக்கானிக்குக்காகக் காத்திருக்காதீர்கள். தேசிய நெடுஞ்சாலை உதவிக்கு 1033.

தூக்கத்தையும் நான் கவனச்சிதறலில்தான் சேர்ப்பேன். அதிகாலை மூன்றிலிருந்து ஆறு வரை மூளை சில நொடிகளுக்குத் தானே அணைந்து எரியும், கண் திறந்திருக்கும்போதுகூட. 90 கி.மீ. வேகத்தில் நான்கு நொடி என்றால் 100 மீட்டர். ஜன்னலைத் திறப்பது, பாட்டைச் சத்தமாக வைப்பது, முகம் கழுவுவது எல்லாம் சில நிமிடத்துக்குத்தான். கடந்த சில கிலோமீட்டர் நினைவில் இல்லை என்றால், எதிர்வண்டி விளக்கு இரண்டாகத் தெரிந்தால், உடனே நிறுத்த வேண்டும். ஒரு காபி குடித்துவிட்டு 20 நிமிடம் தூங்குங்கள். காபி வேலை செய்யத் தொடங்கும் நேரத்தில் எழுந்துவிடலாம். அதற்கும் அசதி தீரவில்லை என்றால் அன்றைக்கு ஓட்டக் கூடாது.

உங்கள் கவனம் முழுதாக இருந்தாலும் எதிரே வருபவர் போன் பார்க்கலாம். அதற்காகத்தான் பெல்ட். இடுப்புப் பட்டை வயிற்றில் இல்லாமல் இடுப்பெலும்பின் மேல் படிய வேண்டும். வயிற்றில் இருந்தால் மோதும்போது குடலையும் மண்ணீரலையும் அதுவே கிழிக்கும். சீட்டைச் சாய்த்துப் படுத்தபடி வந்தால் உடல் பட்டைக்கு அடியில் வழுக்கிவிடும், பெல்ட் போட்டும் பயனில்லை. பின்சீட்டிலும் போடுங்கள். 2022 செப்டம்பர் 4 அன்று பால்கர் அருகே தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி இறந்த விபத்தில், இறந்த இருவரும் பின்சீட்டில் பெல்ட் போடாமல் இருந்தவர்கள். குழந்தையை மடியில் வைத்து முன்சீட்டில் உட்காருவதை எப்படியாவது நிறுத்த வேண்டும். 50 கி.மீ. வேகத்தில் மோதி, முன்பகுதி 60 செ.மீ. நசுங்கி நின்றால், 10 கிலோ குழந்தை உங்கள் கையை 160 கிலோ எடையாக இழுக்கும். எந்தத் தாயாலும் பிடித்து நிறுத்த முடியாது. டாஷ்போர்டில் பிள்ளையார் சிலை வைப்பவர்கள் இடதுபுற ஏர்பேக் மூடிமேல் ஒட்டாமல், ஓட்டுநருக்கும் மூடிக்கும் எட்டாத நடுப்பகுதியில் சிறியதாக வைத்துக்கொள்ளுங்கள். பை கண்ணிமைப்பதற்குள் விரியும். மூடிமேல் இருப்பது எதுவானாலும் முகத்துக்குத்தான் வரும்.

விபத்து நடந்த இடத்துக்குப் போக நேர்ந்தால்: உங்கள் வண்டியைத் தள்ளி நிறுத்திவிட்டு, மோதிய காரின் இக்னிஷனை அணைத்து, 108ஐ அழையுங்கள். ஊர்ப் பெயரோடு, எந்த ஊரை நோக்கிய பக்கம், பக்கத்துக் கிலோமீட்டர் கல்லில் என்ன எண் என்பதையும் சொன்னால் ஆம்புலன்ஸ் எதிர்ப்பக்கத்தில் சுற்றாது. தீப்பிடிக்கவில்லை என்றால் ஆளைப் பிடித்து இழுக்காதீர்கள், கழுத்தெலும்பு உடைந்திருக்கலாம். ரத்தம் வரும் இடத்தில் துணியை மடித்து வைத்து, எடுத்து எடுத்துப் பார்க்காமல் அழுத்திப் பிடியுங்கள். தண்ணீர் கொடுக்காதீர்கள், மயக்கத்தில் மூச்சுக்குழாய்க்குள் போகும், அறுவை சிகிச்சைக்கும் தடையாகும். உதவியவர் பெயரைச் சொல்லும்படி போலீசோ மருத்துவமனையோ கட்டாயப்படுத்த முடியாது. மோட்டார் வாகனச் சட்டம் 134ஏ பிரிவு அதற்குப் பாதுகாப்புத் தருகிறது. செலவுக்குப் பயந்து தூரத்து மருத்துவமனைக்கு அலைய வேண்டாம். உங்கள் சாலையில் இருக்கும் மேல்மருவத்தூரில் 2021 டிசம்பர் 18 அன்று தொடங்கப்பட்ட "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டத்தில், முதல் 48 மணி நேரச் சிகிச்சை பட்டியலில் உள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளில் இலவசம். காப்பீட்டு அட்டை இல்லாதவருக்கும் வெளிமாநிலத்தவருக்கும் உண்டு.

டாக்டரிடம் நான்கு விஷயம் சொல்லுங்கள்: ஏறத்தாழ என்ன வேகம், பெல்ட் போட்டிருந்தாரா, ஏர்பேக் விரிந்ததா, நடுவில் நினைவு தப்பியதா. எழுந்து நடந்தார், நன்றாகப் பேசினார் என்பதை வைத்து வீட்டுக்கு அழைத்துப் போய்விடாதீர்கள். மண்டையோட்டுக்கும் மூளை உறைக்கும் நடுவே ரத்தம் கசிந்தால், ஓரிரு மணி நேரம் தெளிவாக இருந்துவிட்டுத் திடீரென்று சரிவார்கள். திரும்பத் திரும்ப வாந்தி, அசாதாரணத் தூக்கம், ஒரு கண்ணின் பாவை மட்டும் பெரிதாவது, பேச்சில் குழறல் ஆகிய எது தெரிந்தாலும் உடனே சிடி ஸ்கேன் எடுக்க வேண்டும். வயிற்றில் குறுக்காகப் பெல்ட் தடம் சிவந்தோ நீலமாகவோ இருந்தால், ஸ்கேன் சரியாக வந்தாலும் ஒரு நாள் கண்காணிப்பில் வைக்கச் சொல்வார்கள். குடலில் விழுந்த சிறு கிழிசல் முதல் சில மணி நேரத்துக்கு ஸ்கேனில் தெரியாமல் போகலாம் என்பதால்தான்; கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பாதீர்கள்.